நாயையும் எண்ணுங்கோ

என் தம்பியின் ஆளைக் கொன்றவன் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை, கணக்குப் பிழைத்துவிட்டது. ஆள் என்று நான் சொல்வது, பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் பென்சிலால் எழுதி வைத்திருந்த ஒரு பரியாரியை, ஒரு நாட்டு வைத்தியரை. ஆனாலும் அன்றைக்குத் தம்பியின் கட்டிலைச் சுற்றி இருந்த எங்களில் ஒருவருக்கும் அது வெறும் கடதாசியாகத் தெரியவில்லை.

நான் கிளிநொச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பிக்கிறவன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். பொய்யில்லை. தம்பி வட்டக்கச்சியில் அப்பாவின் வயலைச் செய்துகொண்டிருந்தவன். அப்பா குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். வயல் அவனுக்கு, புத்தகம் எனக்கு என்று சின்ன வயதிலேயே ஆகிவிட்டது.

அவனுக்கு நாற்பது வயதாகும் முன்னமே சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. எங்கள் பக்கத்தில் இது புதினமில்லை. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மெசினில் இரத்தத்தைக் கழுவவேண்டும். நாளைக்கு ஒரு சின்னப் போத்தல் தண்ணீர்தான் குடிக்கலாம், கூடினால் உடம்பு ஊதிவிடும். வன்னி வெயிலில் வளர்ந்த ஆம்பிளைக்கு ஒரு சின்னப் போத்தல்! என்னுடைய சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கலாம் என்று போய்ச் சோதித்தோம். பொருந்தவில்லை என்றார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் கச்சான் கடலை விற்கிற ஒரு பாவப்பட்ட மனுசரோடு காரணமே இல்லாமல் சண்டை பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

விளையாட்டுப் பெட்டி கனடாவிலிருந்து வந்தது. மாமாவின் மகன் திருவிழாவுக்கு வந்து நின்றபோது கொண்டுவந்து, போகும்போது எடுத்துக்கொண்டு போக மனமில்லாமல் விட்டுவிட்டுப் போனான். செங்கல் மொத்தத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகம், ஒரு துணிப் பையில் பல முகமுள்ள தாயக்கட்டைகள். நாலு முகம், ஆறு முகம், இருபது முகம் என்று எல்லாம் இருந்தன. விளையாட்டு இதுதான். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் போவார்கள். வழியில் எதிரிகள் வருவார்கள். அடித்தது பட்டதா, படவில்லையா என்பதைக் கட்டை சொல்லும்; எண் கூடினால் பட்டது, குறைந்தால் படவில்லை. புத்தகத்தை வாசிக்கக்கூடியவன் நான் ஒருவன் என்பதால் கதை நடத்தும் வேலை என் தலையில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் தம்பியின் கட்டிலடியில் கதிரைகளை இழுத்துப் போட்டு விளையாடினோம். தம்பி, அவனுடைய மனைவி, ஓட்டோ ஓடும் ஒரு சிநேகிதன், நான். சிநேகிதனின் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர். தம்பியைக் கிழமைக்கு மூன்று நாளும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்குகிறவன் அவன்தான். மெசின் ஓடி முடியும்வரை வெளியில் காத்துக்கொண்டு இருப்பான். எங்களோடு சேர்ந்து அவனுக்கும் இந்த விசர் பிடித்துவிட்டது.

புத்தகத்தில் இருந்த பனிமலையும் கோட்டையும் எங்களுக்குச் சரிவரவில்லை. ஆகவே கதையை எங்கள் காட்டுக்குள் கொண்டுவந்தேன். பாலை மரமும் வீரை மரமும் நிற்கிற காடு. ஒரு பெரிய குளம் வற்றிக் கிடக்கிறது. குளக்கட்டில் இருக்கிற அம்மன் கோவிலில் விளக்கு எரிந்தால்தான் மழை வரும். அந்த விளக்குக்கு எண்ணெய் ஆகாது, கடல் தண்ணீர் வேண்டும். முல்லைத்தீவுப் பக்கத்தில் அம்மன் கோவில் பொங்கலுக்குக் கடல் தண்ணீரில் விளக்கெரிக்கிற வழக்கத்தை வைத்துத்தான் அப்படிக் கட்டினேன். மூன்று பேர் ஒரு குடத்தோடு கடலுக்குப் போகவேண்டும். அதுதான் முழுக் கதையும்.

தம்பியின் மனைவி வில்லுக்காரி. ஓட்டோக்காரன் பெரிய பொல்லோடு ஒரு தடியன். தம்பி பரியாரியை எடுத்தான்.

"ஏன்டா பரியாரி? நீ வாளோடை ஒருத்தனை எடன்," என்றேன்.

"வெளியில எனக்குச் சுகப்படுத்திற பரியாரி ஆரும் கிடைக்கேல்லை அண்ணை. உதுக்குள்ளையெண்டாலும் ஒருத்தர் இருக்கட்டும்," என்றான். பிறகு சொன்னான், "ஒண்டு சொல்லிப்போட்டன். இவர் கடலைக் காணாமல் சாகக்கூடாது. நான் எப்பிடிப் போனாலும் பரவாயில்லை."

"பேய்க்கதை கதையாதை," என்று எரிந்து விழுந்தேன். அவனுடைய மனைவி குசினிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்கு ஒரே பாரம். பரியாரியைக் கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும்.

அதற்காக ஆரம்பத்திலேயே களவு செய்தேன். கதை நடத்துகிறவர் கட்டையை மறைத்து உருட்டலாம் என்று புத்தகத்தில் இருக்கிறது. பழைய கலண்டர் மட்டையை மடித்து முன்னால் நிறுத்தி, அதற்குப் பின்னால் உருட்டினேன். எதிரி பரியாரியை அடிக்கும்போது பெரிய எண் விழுந்தால் சின்ன எண்ணைச் சொன்னேன். மூன்றாவது ஞாயிறு தம்பி கையை நீட்டி மட்டையைத் தட்டிவிட்டான். கட்டை பத்தொன்பதைக் காட்டிக்கொண்டு இருந்தது. நான் வாயால் சொன்னது நாலு.

அவன் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். "அண்ணை, ஆஸ்பத்திரியில எல்லாரும் எனக்குப் பொய்தான் சொல்லுகினம். நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு எண்டு. நீயும் சொல்லாதை," என்றான். இனிச் சொல்லமாட்டேன் என்றேன். அதன்பிறகு எல்லாக் கட்டையும் கட்டிலில், எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால்தான் உருண்டது.

கட்டையில் களவு செய்ய முடியாவிட்டால் எதிரியை அளந்துதான் வைக்கவேண்டும். அதற்குப் புத்தகத்தில் ஒரு கணக்கு இருந்தது. ஒவ்வொரு எதிரிக்கும் பலத்தைக் காட்டுகிற ஓர் எண் உண்டு. வருகிற எதிரிகளின் எண்களைக் கூட்டி, விளையாடுகிறவர்களின் எண்ணோடு ஒப்பிட்டால் சண்டை இலேசானதா, சரிசமமா, உயிர்க்கொல்லியா என்று தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் சிவப்புப் பேனையும் கொப்பியுமாக இருந்து இதைக் கூட்டினேன். பரீட்சைத் தாள் திருத்துவதைவிடக் கவனமாகச் செய்தேன்.

பிறகு வந்தான் வேட்டைக்காரன். கடலுக்குப் பாதித் தூரத்தில் காட்டுப் பாதையை மறித்து நிற்கிற ஒருவன், அவனோடு இரண்டு நாய்கள். எதிரியோடு மிருகம் வந்தால் என்ன செய்வது என்று புத்தகத்தைப் புரட்டினேன். மிருகத்தைத் தனியாகக் கூட்டவேண்டாம், அதன் பலம் சொந்தக்காரனின் எண்ணுக்குள்ளேயே அடக்கம் என்று போட்டிருந்தது. அந்த வரியின் கீழே சிவப்புக் கோடும் போட்டேன். மூன்று பேருக்கு எதிராக ஒருவன். இலேசான சண்டை. சந்தோசமாகப் புத்தகத்தை மூடினேன்.

எனக்கு ஏன் அது பிழையாகப் படவில்லை என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். நாயை எண்ணாமல் விடுவது எங்களுக்குப் பழகிப்போன விசயம். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் போன இடமெல்லாம் கொப்பியோடு ஒருவர் வந்து, எத்தனை பேர், எத்தனை பேர் என்று கேட்டு எழுதுவார். உழவு இயந்திரப் பெட்டியில் இருக்கிறவர்களை எண்ணுவார். பின்னால் ஓடிவந்த நாயை ஒருவரும் எழுதியதில்லை, நாங்களும் சொன்னதில்லை. அப்படி எண்ணி எண்ணி வளர்ந்தவன் நான். எழுத்தில் வருவது ஆள் மட்டும்தான் என்று மண்டையில் ஏறிவிட்டது.

தம்பிக்கு அப்படி இல்லை. வருத்தம் வருவதற்கு முதல் அவனிடம் மூன்று நாய்கள் நின்றன. வயலுக்குள் காட்டுப் பன்றி இறங்கினால் நாய்களோடு போவான். பிறகு இரத்தம் கழுவ நெஞ்சில் குழாய் போட்டபோது, கிருமி தொற்றும், நாய் பூனை அண்டக்கூடாது என்று தாதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்றையும் பக்கத்து வளவுக்காரருக்குக் கொடுத்தோம். கட்டிலில் கிடந்தபடி வேலிக்கு அங்காலே அவை குரைப்பதைக் கேட்டு, இப்ப குரைக்கிறது எது என்று சொல்லுவான்.

அந்த ஞாயிறு வேட்டைக்காரனையும் நாய்களையும் பாதையில் நிறுத்திவிட்டு, "ஒரு ஆள்தான், பயப்பிடாதேங்கோ," என்றேன்.

தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். "நாய் எத்தினை?"

"ரெண்டு. அது அவன்ரை கணக்குக்குள்ளை."

"ஆர் சொன்னது?"

"புத்தகம்."

"கோதாரி பிடிச்ச புத்தகம்! அண்ணை, நீ ஒருக்காலும் பண்டிக்குப் போனதில்லை. மறிக்கிறது நாய், கடிக்கிறது நாய், கட்டிப் பிடிக்கிறது நாய். மனுசன் கடைசியிலை மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிக்கிறவன். முதல்ல நாயை எண்ணு, பிறகு ஆளை எண்ணு."

ஓட்டோக்காரன் சிரித்தான். "சேர், மச்சான் சொல்றது சரி போல இருக்கே."

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. பத்தொன்பது வருசம் ஆங்கிலம் படிப்பித்தவனுக்கு ஓர் ஆங்கிலப் புத்தகத்தை வாசிக்கத் தெரியாதா? "விளையாடுறதெண்டால் விளையாடுங்கோ, இல்லாட்டி நான் எழும்பிப் போறன்," என்றேன். அவர்கள் விளையாடினார்கள்.

ஒரு சுற்றிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு அடி. எங்கள் பக்கம் மூன்று அடி. எதிர்ப்பக்கம் ஒன்று என்றுதான் கணக்குப் பார்த்திருந்தேன். ஆனால் வேட்டைக்காரன் ஓர் அடி அடித்தான், இரண்டு நாயும் ஆளுக்கொரு கடி கடித்தன. மூன்றுக்கு மூன்று. கொப்பியில் நான் இலேசு என்று எழுதிய சண்டை உண்மையில் உயிர்க்கொல்லி.

அதோடு நின்றிருந்தாலும் தப்பியிருக்கலாம். ஓட்டோக்காரனின் தடியன் முதல் சுற்றிலேயே பொல்லால் ஒரு நாயைப் போட்டுவிட்டான். தம்பியின் முகம் கறுத்துப் போனது.

"அதை ஏன்டா அடிச்சனி?"

"கடிக்குதே மச்சான்!"

"அது தன்ரை ஆளுக்காக நிக்குது. அதிலை என்ன பிழை? மற்றதை ஒருத்தரும் தொடப்படாது. ஆளை அடியுங்கோ."

அவனுடைய மனைவியும் நாய்க்கு அம்பு விடமாட்டேன் என்றுவிட்டாள். மூன்று பேரும் வேட்டைக்காரனையே அடித்தார்கள். மற்ற நாய் தன் பாட்டில் கடித்துக்கொண்டு இருந்தது. தடியன் விழுந்தான். அவனுக்கு மருந்து கட்டப் பரியாரி ஓடிப்போய்க் குனிந்தான். அடுத்த அம்பில் வேட்டைக்காரன் செத்தான்.

பரியாரியிடம் உயிர் கொஞ்சம்தான் மிச்சம். நாயின் முறை வந்தது. நான் அவசரம் அவசரமாகச் சொன்னேன், "எசமான் செத்ததைக் கண்டு நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு காட்டுக்குள்ளை ஓடுது. சண்டை முடிஞ்சுது."

"ஓடாது," என்றான் தம்பி.

"டேய், நான் சொல்லுறன் ஓடுது."

"ஆள் விழுந்தால் நாய் ஓடாது அண்ணை. அவனைச் சுத்தி நிக்கும். கிட்டப் போறவனைக் கடிக்கும். கிட்ட நிக்கிறது நான்தான். கட்டையை உருட்டு."

"உனக்கு விசரே?"

"பொய் சொல்லமாட்டன் எண்டு சொன்னனி."

அவனுடைய மனைவி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னாளோ, சரி என்று சொன்னாளோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கட்டையைப் போர்வையில் உருட்டினேன். பதினெட்டு.

கடி பட்டது, பரியாரி போய்விட்டான். பக்கத்து வளவில் நாய் ஒன்று குரைத்தது, தம்பி அது எது என்று சொல்லவில்லை. நான்தான் வாயைத் திறந்தேன். கணக்கு என்னுடைய பிழை, நாயை நான் எண்ணாமல் விட்டுவிட்டேன், நீ சொன்னதுதான் சரி, இந்தச் சண்டையை முதலிலிருந்து திரும்ப விளையாடுவோம் என்றேன். என் வாழ்க்கையில் தம்பியிடம் பிழையை ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"திரும்ப விளையாடுற மாதிரி இருந்தால் நான் எங்கையிருந்து துவங்கியிருப்பன் தெரியுமே," என்று சிரித்தான். பிறகு கொப்பித் தாளை நாலாக மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தான். "செத்தது செத்ததுதான் அண்ணை. விடு."

அந்தக் கிழமை முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னிடம் வாங்கிக் கட்டினார்கள். பாவங்கள், அவர்களுக்கு என்ன தெரியும். ஒரு கதையை நடத்தத் தெரியாதவன் உன் தம்பிக்கு வேறு என்னத்தைச் செய்து கிழிக்கப் போகிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த ஞாயிறு புதிய பாத்திரம் எழுத வெள்ளைத் தாள் கொண்டுபோனேன். தம்பி வாங்கவில்லை. மனைவியைப் பார்த்து, "வேட்டைக்காரனைக் குழி வெட்டித் தாட்டனீங்களோ?" என்று கேட்டான்.

"ஓம். உங்கடை பரியாரியையும் பக்கத்திலை தாட்டாச்சு."

"நாய்?"

"அதிலைதான் கிடக்குது. எழும்பேல்லை."

"அப்ப நான் நாயை எடுக்கிறன்," என்றான்.

அப்படி எடுக்க முடியாது, சொந்தக்காரன் இல்லாத மிருகத்துக்குப் புத்தகத்தில் விதி இல்லை என்றேன். புத்தகத்தைத் தூக்கி அடுப்பில் போடச் சொன்னான். பேராவது வை என்றேன். "பேர் வைக்கமாட்டன். பேர் வைச்சால் நீ இதையும் காப்பாத்தப் பாப்பாய்," என்றான். என்னை அவ்வளவுக்குத் தெரிந்து வைத்திருந்தான்.

நாய் வில்லுக்காரிக்கும் தடியனுக்கும் பின்னால் போகத் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் எல்லோரும் என்ன செய்கிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கடைசியில், "நாய் என்ன செய்யுது?" என்று கேட்பேன். சண்டையென்றால் கடிக்குது என்பான், மறிக்குது என்பான். மற்ற நேரமெல்லாம் ஒரே பதில்தான். "பின்னால வருது."

மாசக்கணக்காக அப்படிப் போனது. அவன் மெலிந்துகொண்டு வந்தான். ஐஸ்கட்டித் துண்டொன்றை வாயில் வைத்துக்கொண்டு கதை கேட்பான். கதைக்கவே களைப்பாக இருந்த நாட்களிலும், நாயின் முறை வரும்போது மட்டும் தலையைத் தூக்கி அந்த இரண்டு சொல்லைச் சொல்லுவான். நான் சனிக்கிழமைகளில் எதிரியை அளக்கும்போது நாயை வேண்டுமென்றே எண்ணாமல் விட்டேன். முந்தி எதிர்ப்பக்கத்து நாயை எண்ணாததால் சண்டை பாரமாகியது. இப்போது எங்கள் பக்கத்து நாயை எண்ணாவிட்டால் இரண்டு பேருக்கு அளவான எதிரி மூன்று பேருக்கு முன்னால் வருவான். சண்டை இலேசாகும், நாய் பிழைக்கும். கட்டையில் செய்த களவைக் கணக்கில் செய்தேன்.

"என்னை எண்ணாமல் விட்டனியோ?" என்று ஒருநாள் கேட்டான்.

"எண்ணினனான்."

"பொய்."

"சரி, அரை ஆளாய் எண்ணினனான்."

"முழு ஆளாய் எண்ணு," என்றான். அதற்குமேல் சண்டை பிடிக்க அவனிடம் மூச்சு இருக்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, அதற்குப் பிறகும் நான் எண்ணவில்லை.

ஆனால் அதைவிடப் பெரிய பிழை ஒன்று செய்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கடல் கிட்ட வந்துவிட்டது. என் கொப்பியில் இருந்த படத்தில் இன்னும் ஒரு மணல் மேடுதான். அதைத் தாண்டினால் கடல், குடத்தை நிரப்பினால் கதை முடிந்துவிடும். எனக்குப் பயம் வந்தது. கதை முடிந்தால் பிறகு இவனை எது பிடித்து வைத்திருக்கும் என்று நினைத்தேன். படித்தவன், ஊருக்குப் புத்தி சொல்கிறவன், ஒரு விளையாட்டு முடியாவிட்டால் என் தம்பி சாகமாட்டான் என்று நம்பத் தொடங்கினேன்.

ஆகவே படத்தில் கடல்நீர் தேங்கி நிற்கிற ஒரு களப்பைக் கீறினேன். களப்பைக் கடந்ததும் ஒரு பனங்கூடல். பனங்கூடலுக்குப் பிறகு, சேற்றில் வேரூன்றி நிற்கிற கண்டல் காடு.

"கடல் இன்னும் எவ்வளவு தூரம் அண்ணை?" என்று கேட்பான்.

"கிட்டத்தான். இன்னும் கொஞ்சம்."

"நாய்க்கு உப்புக்காத்து மணக்குது. நீ சுத்தி வளைக்கிறாய்."

அவனுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் கோபிக்கவில்லை. "பின்னால வருது" என்று சொல்லிக்கொண்டு என் களப்பையும் பனங்கூடலையும் சுற்றிச் சுற்றி வந்தான்.

கண்டல் காட்டை முடித்த ஞாயிறு, "வாற கிழமை கடல்," என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அவன் அவ்வளவு களைத்துப்போயிருந்தான், அதற்குமேல் இழுக்க எனக்கு மனம் வரவில்லை. "சத்தியமாய்?" என்று கேட்டான். சத்தியம் என்று அவன் தலையில் கை வைத்தேன். புதன்கிழமை காலையில் வழக்கம்போல ஓட்டோக்காரன் வந்து ஏற்றிக்கொண்டு போனான். பரந்தன் சந்தி தாண்டும்போது கச்சான் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டானாம், உனக்கு உப்புக் கூடாது என்று இவன் மறுத்துவிட்டானாம். மெசினில் இருக்கும்போதே நெஞ்சு நின்றுவிட்டது. அந்தக் கச்சானை வாங்கிக் கொடுத்திருக்கலாம் சேர் என்று ஓட்டோக்காரன் செத்தவீட்டில் என் தோளில் விழுந்து அழுதான். நான் கடலைக் காட்டியிருக்கலாம். அதை யாருடைய தோளில் விழுந்து சொல்ல?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகு வந்த ஞாயிறு, தம்பியின் மனைவி ஆள் விட்டுக் கூப்பிட்டாள். போனேன். ஓட்டோக்காரன் எனக்கு முன்னமே வந்து இருந்தான். கட்டிலைக் கழற்றிச் சுவரோடு சாத்தியிருந்தார்கள். அது கிடந்த இடத்தில் சின்ன மேசை ஒன்று போட்டு, அதில் துணிப்பையை வைத்திருந்தாள். சுற்றிவர நாலு கதிரை.

"அத்தான், கதையை முடிப்பம்," என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "இனி என்ன கதை! ஆருக்கு முடிக்கிறது?" என்றேன்.

"எனக்கு," என்றாள். "குடம் இன்னும் என்ரை கையிலைதான் இருக்கு." நான் கொப்பியை எடுத்தேன்.

கடற்கரையைக் காக்கிற கடைசி எதிரிகளை அளக்கவேண்டும். புத்தகத்தைத் திறந்து வில்லுக்காரியின் எண்ணையும் தடியனின் எண்ணையும் எழுதிக் கூட்டினேன். இரண்டு பேர். இரண்டு பேருக்கு அளவாக எதிரியைத் தேடினேன். அவள் என் பேனையையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"நாயையும் எண்ணுங்கோ," என்றாள்.

"பிள்ளை, நாய்..." என்று தொடங்கினேன்.

"நாய் சாகேல்லை அத்தான். போன முறை முடிக்கேக்கை கண்டல் காட்டுக்குப் பக்கத்திலை நிண்டது. அவர் போனது வேறை, நாய் வேறை. முழு ஆளாய் எண்ணுங்கோ, அவர் உங்களிட்டைக் கேட்டவர் தானே."

போட்டிருந்த கணக்கை வெட்டினேன். சிவப்புப் பேனையால் புதிதாக எழுதினேன். மூன்று பேர். மூன்று பேருக்கு அளவான எதிரி, பாவம் பார்க்காமல், ஒரு எண்ணும் குறைக்காமல் வைத்தேன். அந்தச் சண்டை நீண்டநேரம் நடந்தது. நாயின் கட்டையை அவள் உருட்டினாள். இரண்டு முறை அது சாகப் பார்த்தது. இரண்டாவது முறை ஓட்டோக்காரன் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சாமியைக் கூப்பிட்டான். எதிரியின் கட்டையில் ஏழுதான் விழுந்தது, நாய் தப்பியது. மூன்று பேரும் உயிரோடு மணல் மேட்டில் ஏறினார்கள்.

கடலைச் சொன்னேன். என்னால் முடிந்தவரை சொன்னேன். தண்ணீரின் நிறம், காற்று, கரையில் கவிழ்த்துக் கிடக்கிற ஒரு வள்ளம். அவனுக்கென்று மாசக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த சொற்கள் எல்லாவற்றையும் ஒன்றும் மிச்சம் வைக்காமல் கொட்டினேன். தடியன் என்ன செய்கிறான் என்று கேட்டேன். பொல்லைக் கீழே போட்டுவிட்டு நிற்கிறான் என்றான் ஓட்டோக்காரன். வில்லுக்காரி குடத்தை நிரப்புகிறாள் என்றாள். பிறகு பழக்கதோசத்தில் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"நாய் என்ன செய்யுது?"

கேட்ட பிறகுதான் யாரைப் பார்த்துக் கேட்டேன் என்று தெரிந்தது. நாலாவது கதிரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஓட்டோக்காரன் சேட்டுக் கையால் முகத்தைத் துடைத்தான். எனக்கும் கண் மறைத்துவிட்டது. அவள்தான் அழவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"பின்னால வருதோ?" என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

"இல்லை அத்தான். எங்களை விட்டிட்டு முன்னுக்கு ஓடுது. தண்ணியைக் கண்டிட்டுது, நிக்குதில்லை. மறிக்காதேங்கோ, விடுங்கோ."

அதற்குக் கட்டை உருட்டச் சொல்லி நான் கேட்கவில்லை.